தெருவுக்குத் தார் போடத் தனி வரி, வீட்டு மதிப்பும் ஏறிவிட்டது: என்ன செய்யலாம்?

கரும்புக்காட்டுத் தெரு

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நட்டால் கரையோரம் ஒரு சின்ன முனிசிபாலிட்டியில் குடியிருக்கிறோம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்திருக்கிறது. முதலாவது புது மதிப்பீட்டுப் பட்டியல்: ரேட்ஸ், அதாவது சொத்துவரி, போடுவதற்காக முனிசிபாலிட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வைக்கும் மதிப்பு. பழைய பட்டியலில் 8 லட்சத்து 50 ஆயிரம் ராண்ட் என்று இருந்த எங்கள் வீடு இப்போது 14 லட்சமாம். இரண்டாவது, எங்கள் பக்கத்துத் தெருக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ‘சிறப்பு வரிப் பகுதி’ ஆக்கப்போவதாக அறிவிப்பு. எல்லா வீட்டுக்காரரிடமும் கூடுதல் ரேட்ஸ் வாங்கி, தார் போட்டு, மழைநீர் வடிகால் கட்டி, தெருவிளக்கு வைப்பார்களாம்.

எங்கள் வீடு சரிவின் கீழ்ப்பக்கம். தெரு இன்னும் செம்மண்தான். மழை பெய்தால் மேல்தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் கேட்டுக்குள் இறங்கி, சமையலறை வாசல் வழியாகப் பின்பக்கம் போகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புக் கோடு. பெயிண்ட் அடித்தால் மறைகிறது, அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடுகிறது. இந்த வீட்டை 14 லட்சம் கொடுத்து வாங்க யார் வருவார்கள்?

தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. அது போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி

கட்டாதீங்க அண்ணா. ரேட்ஸையும் சேர்த்து நிறுத்துங்க. ரோடு இல்லை, விளக்கு இல்லை, எதுக்குப் பணம்? மொத்தத் தெருவும் சேர்ந்து நிறுத்தினா அவங்களே இறங்கி வருவாங்க.

பத்திரக்காரி

தம்பி, உன் கோபம் புரிகிறது. ஆனால் இந்த யோசனையை நம்பி யாரும் இறங்க வேண்டாம். வீடு விற்பனைப் பத்திரம் எழுதும் வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ரேட்ஸ் பாக்கி வைத்த வீடுகளை விற்கப் போனவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாக்கியைத் தீர்த்ததற்கான சான்றிதழ் இல்லாமல் பதிவு நடக்காது.

சட்டம் 2004ஆம் ஆண்டின் முனிசிபல் சொத்துவரிச் சட்டம். அதன் 50ஆம் பிரிவு, மதிப்பீட்டை எதிர்த்து ஆட்சேபணை கொடுத்துவிட்டதால் மட்டும் கட்டவேண்டிய தொகை தள்ளிப்போகாது என்று நேராகவே சொல்கிறது. ஆகவே கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள். பிறகு மதிப்பு குறைந்தால், அதிகமாகக் கட்டியதை வட்டியோடு திருப்பித்தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது (55ஆம் பிரிவு).

கரும்புக்காட்டு அண்ணா, உங்கள் மனு விஷயம். கூட்டு மனு கவுன்சிலரை அசைக்க உதவும், மதிப்பீட்டை அசைக்காது. ஆட்சேபணை ஒரு குறிப்பிட்ட சொத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும், பட்டியல் முழுவதையும் எதிர்த்துக் கொடுக்க முடியாது என்று அதே 50ஆம் பிரிவில் இருக்கிறது. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும், தனித்தனிப் படிவம் இல்லையென்றால் உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட ஆட்சேபணை பதிவானதாக ஆகாது. கடைசித் தேதி கடந்த பிறகு இது தெரிந்து தலையில் கைவைத்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இரண்டு கடிதத்தையும் தனித்தனிச் சண்டையாகப் பார்க்காதீர்கள். சிறப்பு வரிப் பகுதியின் கூடுதல் ரேட்டும் வீட்டு மதிப்பின் மேல்தான், ராண்டுக்கு இத்தனை சென்ட் என்று போடுவார்கள். ஒரு பேச்சுக்கு, வழக்கமான ரேட் ராண்டுக்கு 1.2 சென்ட், கூடுதல் ரேட் 0.2 சென்ட் என்று வையுங்கள். மதிப்பு 5 லட்சத்து 50 ஆயிரம் ஏறியதற்கு வழக்கமான ரேட்ஸில் மட்டும் வருடத்துக்கு 6,600 ராண்ட் அதிகம், மாதம் 550. தெருவுக்கான கூடுதல் பணம் பழைய மதிப்பில் வருடம் 1,700 ஆக இருந்திருக்கும், புது மதிப்பில் 2,800. ஆக, மதிப்பு தவறென்றால் இரண்டு இடத்தில் அடி. முதலில் மதிப்பைச் சரிசெய்யுங்கள்.

கோவில்தெரு

நானும் அதே ஊர்க்காரன்தான். அண்ணன் வீட்டுக்கு மேற்பக்கம் எங்கள் வீடு. எல்லோரும் வரியை எப்படித் தடுப்பது என்றே பேசுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மழை நாளில் ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டி வராது. நானும் என் மகனும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறோம். ஆடி மாதம் மாரியம்மன் கூழ் பிரார்த்தனைக்கு வயதான பெண்கள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தில் கால் தேடித் தேடி வருகிறார்கள். முனிசிபாலிட்டி பட்ஜெட்டில் எங்கள் தெரு வரும் வரும் என்று காத்திருந்த என் அப்பா இப்போது இல்லை.

மாதம் இருநூறு முந்நூறு ராண்ட் அதிகம் கட்டினால் தெரு வரும் என்றால் நான் கட்டத் தயார். எங்கள் தெருக்களில் அப்படி நினைப்பவர்கள் பல பேர். நீங்கள் மதிப்பை எதிர்த்துப் போராடுங்கள், அதில் நான் கூட வருகிறேன். சிறப்பு வரிப் பகுதியைக் கெடுத்துவிடாதீர்கள்.

கரும்புக்காட்டுத் தெரு

தம்பி, உங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதை நானும் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை நானும் கைகொடுத்தேன். தெரு வேண்டாம் என்று யார் சொன்னது? என் வீட்டைவிட அந்த வடிகால் யாருக்குத் தேவை? ஆனால் எங்கள் கீழ்வரிசையில் பாதி வீடுகள் ஓய்வூதியத்தில் ஓடுகின்றன. முனியம்மா ஆயா மாதிரி உள்ளவர்களுக்கு இருநூறு முந்நூறு சின்னப் பணம் இல்லை.

பழைய டீச்சர்

டர்பனிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் கார்ப்பரேஷன் வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்களும் தெலுங்கர்களும். நகரத்தின் தெருவைக் கூட்டியதும் சாக்கடை வெட்டியதும் அவர்கள்தான். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குடியிருப்பு என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950இல் வந்தது. அதற்குப் பிறகு எங்களை எல்லாம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள்.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நட்டாலில் இந்தியர்களுக்கு முனிசிபல் ஓட்டு 1924இல் பறிக்கப்பட்டது. பார்லிமெண்ட் ஓட்டு அதற்கு முன்பே, 1896இல் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் வீடு வைத்திருந்த இந்தியர்கள் ரேட்ஸ் கட்டினார்கள். அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை. மேட்டுப்பக்கத்து வெள்ளையர் தெருக்களுக்கு நடைபாதையும் மரநிழலும், இந்தியர்கள் வாழ்ந்த கேட்டோ மேனரில் செம்மண். இன்றைக்கும் பல ஊர்களில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் சொத்துவரிச் சட்டத்தின் 22ஆம் பிரிவை நான் மறுபடி மறுபடி படித்தேன். சிறப்பு வரிப் பகுதிக்கான பிரிவு அது. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கூடுதல் ரேட்டைக் கட்டப்போகிறவர்களில் பெரும்பான்மையோரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். கவுன்சில் தீர்மானம் மட்டும் போதாது. இரண்டாவது, முனிசிபாலிட்டியின் வளர்ச்சியில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை மேலும் உறுதிப்படுத்த இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது கோவில்தெருத் தம்பியைக் கேட்கிறேன். அதே ஊரில் கடலோரத் தெருக்களுக்கு தார் யார் பணத்தில் போட்டார்கள்? பொது பட்ஜெட்டில் போட்டிருந்தால், உங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் தனி உண்டியல்? டர்பன் பக்கம் உம்ஹ்லங்கா போன்ற இடங்களில் சிறப்பு வரிப் பகுதி இருக்கிறது. அங்கே ஏற்கெனவே நல்ல சாலை உண்டு. அதற்கு மேல் துப்புரவும் காவலும் வேண்டும் என்று கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் விரும்பிக் கட்டுகிறார்கள். அது வேறு. முதல் தாருக்கே மக்கள் தனியாகக் கட்ட வேண்டும் என்பது வேறு. கூட்டத்தில் எழுந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

கோவில்தெரு

டீச்சர், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் நியாயம் கிடைக்கும்வரை அம்மா காத்திருக்க முடியாது. அதுதான் என் நிலைமை.

பத்திரக்காரி

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. சம்மதம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

அந்தச் சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். குவாசுலு-நட்டாலில் பி (P), டி (D) என்ற எழுத்தோடு எண் போட்ட சாலைகள் மாகாணப் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவை. உங்கள் தெருக்களுக்குள் நுழையும் சாலை அப்படி ஒன்றாக இருந்தால் அதற்கு உங்களிடம் பணம் கேட்க என்ன இருக்கிறது? பிறகு முனிசிபாலிட்டியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் தெரு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறதா? சிறப்பு வரிப் பகுதி அந்தத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் 22ஆம் பிரிவு சொல்கிறது. பட்ஜெட் வரைவை, புது நிதியாண்டு தொடங்கும் ஜூலை 1க்குக் குறைந்தது 90 நாள் முன்னால் கவுன்சிலில் வைக்க வேண்டும் என்பது முனிசிபல் நிதிச் சட்டம் (2003). ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். தெருக்காரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் ஜூலையில் பில்லைப் பார்த்துக் கத்துவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள்.

சம்மதம் கொடுப்பதென்று முடிவானால், எல்லை எது, என்ன வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். பகுதி மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் அமைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதில் பெண்களுக்கும் இடம் வேண்டும். கோவில்தெருத் தம்பி அதில் உட்கார வேண்டும், கீழ்வரிசையிலிருந்தும் ஒருவர் உட்கார வேண்டும். வரி எத்தனை வருடம் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தார் போட்டு முடிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது.

ஜோபர்க் வாடகைவாசி

ஒரு கேள்வி. நான் வாடகைக்கு இருப்பவன். இந்தச் சம்மதத்தில் எனக்கு ஓட்டு உண்டா? கோவிலுக்கு?

பத்திரக்காரி

கூடுதல் ரேட்டைக் கட்டும் பொறுப்பு உள்ளவர்களின் சம்மதம்தான் எண்ணப்படும். அது வீட்டுக்காரர். ஆனால் கலந்தாலோசனை பகுதி மக்கள் எல்லோரோடும் என்பதால் கூட்டத்தில் நீங்கள் தாராளமாகப் பேசலாம்.

வழிபாட்டு இடத்துக்கு ரேட்ஸ் போடக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. சொத்து அந்தச் சமயச் சமூகத்தின் பேரில் பதிவாகி, முக்கியமாக வழிபாட்டுக்குப் பயன்பட வேண்டும். பல கோவில்களின் நிலம் இன்னும் காலமான ஏதோ ஒரு பெரியவர் பேரிலேயே கிடக்கிறது. கமிட்டிக்காரர்கள் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மண்சரிவு பார்த்தவள்

டர்பன் பக்கம் எங்கள் வீட்டுப் பின்சுவர் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் போனது. அந்த வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் தெருவே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. டர்பனின் அப்போதைய பட்டியலுக்கு மதிப்பீட்டுத் தேதி 2021 ஜூலை 1. அதாவது வெள்ளத்துக்கு முன்னால் என் வீடு என்ன விலை போயிருக்குமோ அதுதான் பட்டியலில். இப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்த பட்டியல் வரும்வரை வழியே இல்லையா?

பத்திரக்காரி

இருக்கிறது அம்மா. பட்டியலுக்குப் பிறகு ஏதாவது காரணத்தால் சந்தை மதிப்பு கணிசமாக ஏறினாலோ இறங்கினாலோ துணை மதிப்பீடு செய்ய 78ஆம் பிரிவில் இடம் உண்டு. எழுதிக் கேளுங்கள், வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களை வைத்துக் கேளுங்கள். பேரிடர் பாதித்த பகுதியின் வீட்டுக்காரர்களுக்கு ரேட்ஸில் சலுகை கொடுக்கவும் 15ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே பிரிவில் ஓய்வூதியத்தையோ அரசு உதவித்தொகையையோ நம்பி வாழ்பவர்களும் வருகிறார்கள். கரும்புக்காட்டு அண்ணா, உங்கள் ஆயாவுக்கு இது. முனிசிபாலிட்டியின் ரேட்ஸ் பாலிசியில் சலுகை எவ்வளவு என்று இருக்கும். சலுகை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், விண்ணப்பம் கொடுங்கள்.

கரும்புக்காட்டுத் தெரு

அக்கா, முதலில் மதிப்பைச் சரிசெய்யச் சொன்னீர்களே, அதற்காகப் பட்டியலில் எங்கள் பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். என்ன சொல்வது! எங்கள் வீட்டுக் கட்டடப் பரப்பில் அடுத்த வீட்டுக்காரரின் அவுட்பில்டிங்கும் சேர்ந்திருக்கிறது. எல்லைச் சுவரை ஒட்டி ஒரே கூரைபோல இருக்கும், மேலிருந்து பார்த்தால் பிரித்தறிய முடியாது. என் கொழுந்தியாள் வீட்டை வணிகச் சொத்து என்று போட்டிருக்கிறார்கள். முன்னறை ஜன்னலில் பாலும் ரொட்டியும் விற்கிறாள், அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்து பார்த்தவர் யாரும் இல்லை. இது சட்டப்படி சரியா?

பத்திரக்காரி

நேரில் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வான்படம், கம்ப்யூட்டர் மூலம் மொத்தமாக மதிப்பிடும் முறை எல்லாவற்றுக்கும் 45ஆம் பிரிவு அனுமதி கொடுக்கிறது. அதனால் இப்படிப் பிழைகள் வரும், அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. பட்டியலில் உள்ள எந்த விஷயத்தையும் ஆட்சேபிக்கலாம், விலை மட்டும் இல்லை. கொழுந்தியாள் வகையை ஆட்சேபித்துத் தனிப் படிவம் கொடுக்கட்டும். வணிக வகைக்கு ரேட் வீட்டு வகையைவிட அதிகம், சும்மா விடாதீர்கள்.

உங்கள் படிவத்தில் ‘ரேட்ஸ் கட்ட முடியவில்லை’, ‘தெரு மோசம், அநியாயம்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். மதிப்பீட்டாளர் அதைப் பார்க்கவே மாட்டார். சட்டம் கேட்பது ஒரே கேள்வி: மதிப்பீட்டுத் தேதியில், விற்க விரும்புபவர் வாங்க விரும்புபவருக்கு வெளிச்சந்தையில் விற்றால் என்ன விலை? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்தத் தேதியை ஒட்டி உங்கள் பக்கம் விற்ற வீடுகளின் விலையைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத் தகவலில் இருந்து எடுங்கள். மூன்று நான்கு போதும். தார் போட்ட மேட்டுத்தெரு வீடுகளை ஒப்பிட்டு உங்களுக்கு விலை வைத்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

தெருவைப் பற்றி அங்கே இப்படி எழுதலாம்: ‘சொத்து தார் இல்லாத தெருவில், சரிவின் கீழ் இருக்கிறது. மழைநீர் வடிகால் இல்லாததால் மேல்தெருத் தண்ணீர் கட்டடத்துக்குள் வருகிறது. சமையலறைச் சுவரின் ஈர அளவு இணைத்த போட்டோவில். இதே அளவுள்ள, தார்ச்சாலை ஓரத்து வீடுகள் இந்த விலைக்கும், எங்கள் தெரு வீடு இந்த விலைக்கும் விற்றிருக்கின்றன.’ போட்டோவில் சுவரோடு அளவு டேப்பைப் பிடித்து எடுங்கள், எண் தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்சேபணையைப் பார்த்து மதிப்பீட்டாளர் விலையை ஏற்றவும் செய்யலாம். ஆதாரம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஃபீனிக்ஸ் தம்பி

அவங்களே போட்ட மதிப்பு, அவங்களே விசாரிப்பாங்க. என்ன பிரயோஜனம் அக்கா?

பத்திரக்காரி

முதல் கட்டம் முனிசிபல் மதிப்பீட்டாளர்தான். அவர் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றினால் அந்த முடிவு கட்டாயமாக மேல்முறையீட்டு வாரியத்தின் மறுஆய்வுக்குப் போகும். அவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், நீங்களே மேல்முறையீடும் செய்யலாம். வாரிய உறுப்பினர்களை நியமிப்பது மாகாண அமைச்சர், முனிசிபாலிட்டி இல்லை. தலைவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும். பதில் கடிதத்தைக் கவரோடு பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்கான 30 நாள் கணக்கு அந்தக் கடிதத்தை அவர்கள் அனுப்பிய தேதியிலிருந்து ஓடும்.

கோவில்தெரு

நேற்று இரவு கோவில் ஹாலில் தெருக்காரர்கள் கூடினோம். வாக்குவாதம் பலமாக நடந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சிறப்பு வரிப் பகுதிக்கு இப்போது சம்மதக் கையெழுத்து போடுவதில்லை என்று முடிவானது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, அதையும் அங்கேயே சொன்னேன். ஆனால் டீச்சரின் கேள்வியை நான்தான் கவுன்சிலரிடம் கேட்கப் போகிறேன்: கடலோரத் தெருக்களுக்கு எந்தப் பணத்தில் தார் போட்டீர்கள்? அம்மாவின் டயாலிசிஸ் நாட்களை எழுதி, ஆம்புலன்ஸ் போகும் அளவுக்குத் தெருமுனையிலிருந்து ஜல்லியாவது கொட்டச் சொல்லித் தனிக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். பதில் எழுத்தில் வந்த பிறகு மறுபடி கூடிச் சம்மதத்தைப் பேசுவோம்.

கரும்புக்காட்டுத் தெரு

ஜல்லிக் கடிதத்தில் கீழ்வரிசைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் தம்பி.

மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் படிவம். சனி, ஞாயிறு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறோம். முனியம்மா ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக நான் எழுதிக் கையெழுத்துப் போடலாமா அக்கா?

பத்திரக்காரி

நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆட்சேபணை பதிய முனிசிபல் மேனேஜர் உதவ வேண்டும் என்று அதே 50ஆம் பிரிவில் இருக்கிறது. ஆயாவைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள், அடையாள அட்டை, ரேட்ஸ் பில், போட்டோ எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகை வைத்த படிவத்தின் நகலில் தேதி முத்திரை குத்தி வாங்காமல் வராதீர்கள். ஓய்வூதியச் சலுகை விண்ணப்பத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், ஆயா இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.